பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறைந்த செலவில் ஸ்டீயரிங் வீல்: தேர்வு முதல் மாட்டுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஒரு சித்திரை மாத மதியம் மலையிறங்கி வரும்போது, அவற்றில் ஒன்றில் என் காரின் ஸ்டீயரிங் வீலைச் சுற்றியிருந்த ரெக்சின், உள்ளே இருந்த ஃபோமை விட்டுக் கழன்று என் உள்ளங்கையோடு சேர்ந்து உருண்டது. கை திரும்பியது, வண்டி திரும்பவில்லை. அரை நொடிதான். கீழிருந்து ஏறி வந்த பேருந்தின் ஓட்டுநர் வளைவுக்கு முன்பே நிறுத்திவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அஸ்தம்பட்டி வந்து சேரும்வரை என் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

அந்த வீலை வாங்கி எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பெரிய கம்பெனியின் பெயர் பொறித்த, பார்க்கப் பளபளவென்று இருந்த போலி. விலை குறைவு என்பதற்காக மட்டுமே வாங்கினேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் இந்த விஷயத்தையே பிடித்துக்கொண்டு படித்தேன், அளந்தேன், பட்டறை பட்டறையாக அலைந்தேன். குறைந்த செலவில் நல்ல ஸ்டீயரிங் வீல் மாட்ட முடியும். எந்த இடத்தில் பணத்தை மிச்சப்படுத்தலாம், எந்த இடத்தில் கூடவே கூடாது என்பது தெரிந்திருந்தால் போதும்.

என் வண்டி சான் ஸ்டார்ம். 1990-களின் இறுதியில் கோவாவில் தயாராகி வந்த, இரண்டே இருக்கை கொண்ட ஃபைபர் பாடி கார். இன்ஜின் ரெனோவின் 1.2 லிட்டர். இதற்கென்று தனியாக ஒரு உதிரிபாகமும் கடையில் கேட்டுவாங்க முடியாது. அதனால் உங்களிடம் இருப்பது பழைய எஸ்டீமோ, ஹெரால்டோ, பாலியோ 1.6-ஓ, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த எம்.ஜி.யோ எதுவாக இருந்தாலும், நான் பட்ட பாட்டில் பாதிதான் உங்களுக்கு இருக்கும்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

புது வீல் வாங்கும் ஆசையில் நாம் கேட்க மறக்கும் கேள்வி இது. பழைய வீலின் இரும்புச் சட்டம் நன்றாக இருந்து, மேலே உள்ள ஃபோமோ பிளாஸ்டிக்கோ மட்டும் தேய்ந்து பிசுபிசுப்பாகிவிட்டது என்றால், அதை லெதரில் சுற்றித் தைத்துக்கொள்வதுதான் மிக மலிவான வழி, மிகப் பாதுகாப்பான வழியும் அதுதான். கம்பெனி வீல் அந்த ஷாஃப்டுக்கென்றே, அதாவது வீல் உட்காரும் ஸ்டீயரிங் தண்டுக்கென்றே செய்யப்பட்டது. ஹாரன், இண்டிகேட்டர், மீட்டர் எதுவும் இடம் மாறாது.

சட்டம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. வீலைக் கழற்றி ஒரு கண்ணாடி மேசையில் கவிழ்த்து வையுங்கள். வளையம் முழுக்க மேசையைத் தொட வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடினால் எப்போதோ அடிபட்டு வளைந்திருக்கிறது, அதில் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். ஆரக்கால் நடுப்பகுதியோடு சேரும் இடத்தில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் அப்படியே.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி கேபின் வேலை செய்யும் குஷன் கடைக்காரர்களின் தையலை நான் எந்தப் பெரிய நகரத்துக் கடையோடும் ஒப்பிடத் தயார். ஆனால் அவர்களுக்கு வழக்கம் தடித்த ரெக்சினும் பெரிய லாரி வளையமும்தான். அதனால் நாம் என்ன கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். லெதரை நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது. ஆம்பூர், வாணியம்பாடி, ஈரோடு எல்லாம் நமக்குத் தூரமில்லை. ஷூ மேல்தோலுக்கான லெதர், 1 முதல் 1.3 மி.மீ. கனம், வழவழப்பான பூச்சு இல்லாதது. 350 மி.மீ. விட்டமுள்ள வளையத்தின் வெளிச்சுற்று சுமார் 110 செ.மீ. கைப்பிடியின் தடிமன் 30 முதல் 32 மி.மீ. என்றால் அதைச் சுற்றி அளந்தால் 9.5 முதல் 10 செ.மீ. வரும். லெதரை அந்தச் சுற்றளவுக்குச் சரியாக வெட்டக் கூடாது, 3 அல்லது 4 மி.மீ. குறைத்து வெட்டி, இழுத்துத் தைக்க வேண்டும். அந்த இழுப்புதான் உறை உருளாமல் பிடிக்கும். தையல் உள்பக்கமாக, அதாவது ஓட்டுநரின் விரல் நுனி படும் பக்கமாக வரட்டும். பழைய ஃபோம் பொடிந்திருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பசையிட்டு ஒட்டிய பிறகே தைக்கச் சொல்லுங்கள். எனக்கு நடந்தது போல நடப்பதற்கு முக்கியக் காரணம் பசையே இல்லாமல் போர்த்திய உறைதான்.

கடையில் தொங்கும் மாட்டு உறை, அதாவது இழுத்து மாட்டினால் போதும் என்கிற ரகம், வேண்டவே வேண்டாம். வெயிலில் இளகி அது தானாகவே சுற்றும்.

ஏர்பேக் உள்ள வண்டி என்றால்

இங்கேயே நின்றுகொள்ளுங்கள். இந்தியாவில் புதிதாக விற்கும் கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். அதற்கு முன்பு வந்த சில கார்களின் உயர்ந்த மாடல்களிலும் ஏர்பேக் இருந்தது. ஏர்பேக் உள்ள வீலைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்போர்ட்ஸ் வீலை மாட்டுவது, உங்கள் மார்புக்கு முன்னால் இருக்கும் ஒரே மெத்தையைத் தூக்கிக் காயலான் கடையில் போடுவதற்குச் சமம். அப்படிப்பட்ட வண்டிக்கு வளையத்தை மட்டும் லெதர் சுற்றிக்கொள்ளலாம். அதற்கும் ஏர்பேக்கைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருந்து கழற்ற வேண்டும். ஏர்பேக் மூடியின்மேல் லெதர் ஒட்டக் கூடாது, அது பிளந்து திறக்க வேண்டிய இடம். பழைய சாமான் கடையில் விற்கும் ஏர்பேக்கோடு கூடிய வீலையும் வாங்காதீர்கள். அது வெடிக்குமா வெடிக்காதா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது.

இனி வருவதெல்லாம் ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளுக்கு.

அளவு: மாம்பழப் பெட்டியில் தொடங்குங்கள்

பழைய கார்களின் வீல் பெரும்பாலும் 380 மி.மீ. அல்லது அதற்கும் மேலே இருக்கும். ஸ்போர்ட்ஸ் வீல் வாங்கப் போனால் 350, 330, 320 என்று சின்னது சின்னதாகக் காட்டுவார்கள். சின்ன வளையம் பார்க்க அழகு, கை நகரும் தூரமும் குறைவு. அரைச் சுற்றுக்கு 380 மி.மீ. வீலில் கை சுமார் 60 செ.மீ. போக வேண்டும், 330-ல் 52 செ.மீ. போதும். ஆனால் வீல் என்பது ஒரு நெம்புகோல். 380 மி.மீ. வீலில் 5 கிலோ இழுப்பு தேவைப்பட்ட இடத்தில் 330 மி.மீ. வீலில் ஐந்தே முக்கால் கிலோ தேவைப்படும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில், வார இறுதியில் ஏற்காடு ஏரிப் பக்கம் பார்க்கிங் தேடி முன்னும் பின்னும் எடுக்கும்போது இந்த முக்கால் கிலோ தோளில் தெரியும். பவர் ஸ்டீயரிங் இல்லாதவர்களுக்கு 350-க்குக் கீழே போக வேண்டாம் என்பதே என் கருத்து. இருப்பவர்கள் 330 வரை போகலாம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மாம்பழம் வந்த அட்டைப்பெட்டி வீட்டில் கிடக்கும். அதில் 350 மி.மீ. விட்டத்துக்கு ஒரு வளையம் வெட்டி, இப்போதுள்ள வீலின் மேல் நடுவாக ஒட்டுங்கள். உங்கள் வழக்கமான இருக்கை நிலையில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்பீடோமீட்டரின் மேல் பாதி மறைகிறதா? டெம்பரேச்சர் முள் தெரிகிறதா? மலையேறும் பழைய இன்ஜினுக்கு டெம்பரேச்சர் முள் வேகத்தைவிட முக்கியம். அது மறைந்தால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு ஆகாது.

அடுத்தது ஆழம். சில வீல் தட்டையாக இருக்கும், சிலவற்றில் வளையம் ஆரக்காலிலிருந்து 40, 65, 90 மி.மீ. வரை ஓட்டுநரை நோக்கி வெளியே வந்திருக்கும். இதோடு பாஸின், அதாவது வீலை ஷாஃப்டோடு சேர்க்கும் இணைப்புத் துண்டின் நீளமும் சேரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு வளையத்தின் உச்சியில் படிய வேண்டும். விரல் மட்டும் எட்டினால் வீல் தூரம், முழங்கை அருகே வந்தால் வீல் மிக நெருக்கம். வீல் உங்களை நோக்கி வர வர இண்டிகேட்டர் தண்டு விரலுக்கு எட்டாமல் போகும். எங்கள் வண்டியை என் மனைவியும் ஓட்டுவார். அவருக்கு விரல் எட்டவில்லை என்பதால்தான் 65 மி.மீ. ஆழத்தை விட்டுவிட்டுத் தட்டை வீலுக்குப் போனேன். ஓட்டுபவர்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் பாருங்கள்.

அடிப்பகுதி தட்டையாக வெட்டிய வீல் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ரேஸ் ட்ராக்கில் அரைச் சுற்றுக்குமேல் திருப்பத் தேவை இல்லாத வண்டிக்கு அது சரி. கொண்டை ஊசி வளைவில் நாம் கைமாற்றி கைமாற்றி முழுச் சுற்றே சுற்றுகிறோம். கண் சாலையில் இருக்க, கை வளையத்தைத் தானாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை அந்தத் தட்டை இடம் கைக்கு வேறு மாதிரியாக வந்து மாட்டும்போது பிடி தவறுகிறது. மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு முழு வட்டம்தான்.

பாஸ்: பணம் இங்கேதான் போக வேண்டும்

வெளிக்கம்பெனி வீலை நேரடியாக உங்கள் ஷாஃப்டில் மாட்ட முடியாது. நடுவில் ஒரு இணைப்புத் துண்டு வேண்டும். அதைத்தான் கடையில் பாஸ் என்கிறார்கள். அதன் ஒரு பக்கம் உங்கள் வண்டியின் ஷாஃப்டில் உள்ள பற்களோடு சேரும். மறுபக்கம் வீலை ஆறு போல்ட்டால் முடுக்குவதற்கான துளைகள் இருக்கும். நடுவில் ஹாரனுக்கான செம்பு வளையமும், இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் சிறு முளைகளும் இருக்கும்.

வீலுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் இந்தப் பாஸுக்கே போனாலும் வருத்தப்படாதீர்கள். வளையம் தேய்ந்தால் கை வழுக்கும், சமாளிக்கலாம். பாஸ் விட்டுப்போனால் முன் சக்கரங்களுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிரபலமான கார்களுக்கு, கார் பெயரைச் சொன்னாலே பாஸ் கிடைக்கும். அப்போதும் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் ஷாஃப்டை அளந்து பார்த்து வாங்குங்கள், ஒரே காருக்கே ஆண்டுக்கு ஆண்டு ஷாஃப்ட் மாறியிருக்கலாம். என் வண்டிபோல அபூர்வமானது என்றால் அளவு மட்டும்தான் வழிகாட்டி. அளக்கும் முறை இது. வீலைக் கழற்றியபின் ஷாஃப்டில் ஒரு பல்லை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டு, அதிலிருந்து மொத்தப் பற்களை எண்ணுங்கள். இரண்டு முறை எண்ணுங்கள். வெர்னியர் அளவுகோலால் பற்களின் வெளிவிட்டத்தை அளங்கள். ஷாஃப்ட் நேராக இருக்கிறதா, மேலே போகப் போகக் குறுகுகிறதா என்று பாருங்கள். குறுகுகிறது என்றால் மேல்முனை, கீழ்முனை இரண்டின் விட்டமும் தேவை. நட்டின் மரை அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் ஒரு தாளில் இருந்தால், வேறொரு கம்பெனி காருக்கான பாஸ் உங்களுக்குப் பொருந்துமா என்று கடைக்காரரே பார்த்துச் சொல்லிவிடுவார்.

எனக்கு மூன்று வாரம் ஆனது. கிடைத்த பாஸ் எந்தக் காருக்கானது என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் அளக்காமலேயே யாராவது அதை வாங்கிவிடுவார்கள்.

பொருத்தம் சரியா என்று உறுதிசெய்ய: ஷாஃப்டின் சரிவான பகுதியில் மார்க்கர் மையைப் பூசி, பாஸைக் கையால் அழுத்தி உட்காரவைத்து, நேராக எடுங்கள். மை சுற்றிலும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் முழுப் பரப்பும் தொடுகிறது என்று பொருள். மேல் விளிம்பில் மட்டும் ஒரு கோடாக அழிந்திருந்தால் சரிவு வேறு. நட்டை எவ்வளவு முடுக்கினாலும் அது நாளடைவில் ஆடும். கையால் உட்காரவைக்கும்போதே பக்கவாட்டில் அசைந்தால் அதுவும் ஆகாது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு குறுக்கு வழியும் என் மனதில் ஓடியது. பழைய வீலின் நடுப்பகுதியை அறுத்தெடுத்து, அதில் ஒரு தட்டு வெல்டிங் செய்து ஆறு துளை போட்டால் பாஸ் தயார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எனக்குப் பழக்கமான லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லாதவர். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒட்டித் தர்றதுக்கு அரை மணி நேரம் போதும். ஆனா உள்ள ஒட்டுச்சா இல்லையான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பதினெட்டாவது வளைவுலதான் தெரியும்" என்றார். பணம் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வெல்டிங்கின் சூட்டில் ஓரத்து இரும்பின் தன்மை மாறுகிறது. மேலே அழகான தையல் தெரியும், உள்ளே பிடிக்காமல் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் முன்னும் பின்னும் முறுக்கப்படும்போது அந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும். லேத்தில் செய்துகொள்ளத் தக்கது ஒன்றுதான்: வீலுக்கும் பாஸுக்கும் இடையே தூரம் கூட்ட வேண்டுமென்றால் ஒரு ஸ்பேசர். அதற்கேற்ற நீளமான போல்ட் போட வேண்டும்.

நல்ல பாஸில் இன்னொரு விஷயம் பாருங்கள். நடுப்பகுதி மெல்லிய தகட்டால், மடிப்பு மடிப்பாகவோ துளைகளோடோ இருந்தால், மோதலில் அது நசுங்கி மார்பில் விழும் அடியைக் குறைக்கும். ஒரே கட்டியாகக் கடைந்த அலுமினியம் பார்க்க உறுதியாகத் தெரியும், நசுங்காது. ஏர்பேக் இல்லாத வண்டியில் இந்த வித்தியாசம் பெரிது. ரேஸ் காரில் வருவதுபோல ஒரு பட்டனை அழுத்தினால் வீல் கழன்று கையில் வரும் பூட்டும் மலிவாகக் கிடைக்கிறது. மலிவான அந்தப் பூட்டு சில மாதத்தில் உள்ளே தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். சாலை வண்டிக்கு அதன் தேவையே இல்லை.

துளைகளின் கணக்கு

பாஸும் வீலும் வெவ்வேறு இடத்தில் வாங்கினால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறு துளைகளும் ஒரு வட்டத்தில் இருக்கும். மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. வீல்களில் அந்த வட்டத்தின் விட்டம் 70 மி.மீ. நார்டி, பெர்சனல் வீல்களில் 74 மி.மீ. எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். பிரிட்டிஷ் கார்களில் அதிகம் பார்க்கும் மோட்டோ-லிட்டாவுக்கு ஒன்பது துளை, அதற்கு அதன் பாஸ்தான் வேண்டும். 70, 74 இரண்டுக்கும் தனித்தனித் துளை போட்ட பாஸ் பரவாயில்லை. இரண்டுக்கும் பொதுவாக நீளத் துளை போட்டிருந்தால் நான் தொட மாட்டேன். போல்ட் நகர இடம் இருக்கும் எந்த இணைப்பும் ஒருநாள் நகரும்.

வளையம்: புதிதா, பழையதா, போலியா

ஜியான்பியரோ மொரெட்டி என்ற இத்தாலிய ரேஸ் ஓட்டுநர் 1960-களில் தன் காருக்குத் தடித்த பிடியுள்ள ஒரு வீல் செய்துகொண்டதிலிருந்து தொடங்கியது மோமோ. அந்தப் பெயரே மொரெட்டி, மோன்ஸா என்ற இரு சொற்களின் சுருக்கம். அந்த ரக அசல் வீல் புதிதாக வாங்கினால் வரியெல்லாம் சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்டும். அதே தோற்றமுள்ள போலி சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். எல்லாரும் இந்த இரண்டுக்கும் நடுவே நின்று தவிக்கிறோம்.

என் பரிந்துரை மூன்றாவது வழி: பயன்படுத்திய அசல் வீல். அதற்குக் கோயம்புத்தூரைவிட நல்ல இடம் நமக்கு அருகில் இல்லை. ரேஸ் ஓட்டுநர் கரிவரதன் காலத்திலிருந்து ரேஸும் ராலியும் ஊறிய ஊர் அது, அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் ரேஸ் ட்ராக் இருக்கிறது. ராலி வண்டியைக் கலைத்து விற்பவர்களிடம் தோல் தேய்ந்த அசல் வீல் இருக்கும். தோல் தேய்ந்திருந்தால் கவலையே படாதீர்கள், விலை குறையும். அதைத்தான் நம் குஷன் கடை அண்ணன் சரிசெய்துவிடுவாரே. சட்டம் மட்டும் நேராக இருக்க வேண்டும். கண்ணாடி மேசைச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், ராலி வண்டி என்றால் எங்கேயாவது உருண்டிருக்க வாய்ப்பு உண்டு.

அசலா என்று பார்க்க வீலைத் திருப்புங்கள். ஐரோப்பியக் கம்பெனிகளின் சாலை வீல்களில் பின்பக்கம் ஆரக்காலில் மாடல் விவரமும், ஜெர்மன் அனுமதியான கே.பி.ஏ. எண்ணும் உலோகத்தில் பதித்திருக்கும். போலியில் ஸ்டிக்கர் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. ஆனால் பதித்த எண்ணையும் போலி செய்ய முடியும், அதனால் கையால் சோதிப்பதே கடைசி வார்த்தை. வளையத்தை 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து, நடுப்பகுதியை முழங்காலில் ஊன்றி, எதிரெதிராக முறுக்குங்கள். நல்ல அலுமினியச் சட்டம் லேசாகக்கூட வளைவது தெரியாது. போலியில் வாங்கும்போதே ஒரு நெகிழ்வு கைக்குத் தெரியும். பிறகு பிடியை இறுக்கி, உறையை மட்டும் உருட்டப் பாருங்கள். உருண்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் அன்றைக்குக் கடையில் இந்தப் பத்து நொடிச் சோதனையைச் செய்யவில்லை.

இன்னொரு மலிவான வழி, உங்கள் காரின் கம்பெனியே அதே காலத்தில் விற்ற வேறு மாடலின் வீல். மேல் மாடலுக்கு மூன்று ஆரக்கால் லெதர் வீல் கொடுத்திருப்பார்கள். பற்கள் ஒத்துப்போனால் பாஸே தேவையில்லை. காயலான் கடைக்குப் போகும்போது ஷாஃப்ட் அளவு எழுதிய தாளைக் கொண்டுபோங்கள்.

மேல்தோலைப் பற்றிச் சுருக்கமாக: சேலத்து வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் கறுப்பு ரெக்சின் கொதிக்கும், இளகும், பிசுபிசுக்கும். ஸ்வேட் ரக மென்தோல் கையுறை போட்டு ஓட்டுபவர்களுக்கானது, வியர்வையில் ஒரே கோடையில் வழவழப்பாகிவிடும். மரம் அழகுதான், ஹெரால்டில் மர வீல் பார்த்தால் எனக்கும் ஆசை வரும். ஆனால் மலிவான மர வீலில் வார்னிஷ் வெடித்து, மூட்டு திறக்கும். துளையிட்ட சாதா லெதர் நம் ஊருக்குச் சரி.

மாட்டும் நாள்

தேவை: ஷாஃப்ட் நட்டுக்கான பாக்ஸ் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசைக்கு முடுக்கும் ஸ்பேனர்), அல்லன் கீ (அறுகோணச் சாவி), வீல் புல்லர் (வீலை ஷாஃப்டிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி), மார்க்கர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் இரவல் கேளுங்கள்.

சமதளத்தில் ஓட்டிவந்து, முன் சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹாரன் மூடியை எடுத்து, ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டிலும் வீலிலும் ஒரே நேர்க்கோட்டில் குறி போடுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்க எடுக்காமல் இரண்டு மூன்று மரை உள்ளே விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் வீல் திடீரென்று விடுபடும்போது நேராக மூக்கில் வந்து அடிக்கும். பிறகு புல்லரால் இழுங்கள். சுத்தியலால் ஷாஃப்டின் தலையில் அடிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு, அனுமதிக்காதீர்கள். மோதலில் மடங்குவதற்காக ஷாஃப்டுக்குள் வைத்திருக்கும் மென்மையான பிளாஸ்டிக் ஊசிகள் அந்த அடியில் அறுந்துபோகலாம்.

பாஸை வைக்கும்போது இண்டிகேட்டர் அணைக்கும் முளைகள் அவற்றின் குழியில் உட்கார வேண்டும். கட்டாயப்படுத்தி அழுத்தினால் முளை உடையும், அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் கையால்தான் இண்டிகேட்டரை அணைக்க வேண்டும். ஹாரன் செம்பு வளையத்தில் மிகக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். நட்டை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கே முடுக்குங்கள். பழைய நட்டு ஒருமுறை பயன்படுத்தும் ரகம் என்றால் புதியது போடுங்கள்.

வீலின் ஆறு போல்ட்டுகளை எல்லாம் விரலால் முதலில் ஏற்றிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அல்லன் கீயைக் கையால் மட்டும் பயன்படுத்துங்கள், மெஷின் வேண்டாம். மரையில், போல்ட் தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும்.

வீல் நேராக வரவில்லையா? 36 பல் உள்ள ஷாஃப்டில் ஒரு பல் நகர்த்தினால் 10 டிகிரி மாறும். அதற்கும் குறைவான கோணல் என்றால் அலைன்மென்ட் கடையில் முன் சக்கரங்களைத் திருப்பும் இரண்டு பக்க டை ராடையும் சமமாகத் திருப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஹாரன்

பெரும்பாலான பழைய கார்களில் பட்டன் ஹாரன் ஒயரை எர்த்தோடு சேர்க்கிறது. பட்டனில் இரண்டு முனை இருந்தால் ஒன்று செம்பு வளையத்திலிருந்து வரும் ஒயருக்கு, மற்றது பாஸின் உடலுக்கு. பேட்டரி இணைத்தவுடன் ஹாரன் விடாமல் அலறினால் ஒயர் எங்கேயோ பாஸின் உலோகத்தைத் தொடுகிறது. வேலை செய்யவே இல்லையென்றால் செம்பு வளையத்தைத் தொட வேண்டிய ஸ்பிரிங் முள் எட்டவில்லை. சில பழைய பிரெஞ்சு கார்களில் ஹாரன் இண்டிகேட்டர் தண்டின் முனையிலேயே இருக்கும், அவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகும்போது ஹாரன் அடித்துக் காட்டச் சொல்வார்கள். கழற்றிய பழைய வீலை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள், விற்றுவிடாதீர்கள்.

மலை ஏறும் முன்

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மூன்று முறை சுற்றுங்கள். எங்காவது உரசுகிறதா, ஒயர் இழுபடுகிறதா, ஸ்டீயரிங் பூட்டு விழுகிறதா என்று கவனியுங்கள். பிறகு நட்டுக்கும் பாஸுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். காலி இடத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் பாருங்கள்.

நான் முதல் வாரம் ஊருக்குள் மட்டும் ஓட்டினேன். அடுத்த ஞாயிறு விடியற்காலை, பேருந்துகள் கிளம்பும் முன், கோரிமேடு வழியாக ஏறினேன். 20 வளைவும் ஏறி, மேலே ஒரு டீ குடித்துவிட்டு, ஹாரன் மூடியைத் திறந்து பார்த்தேன். வெள்ளைக் கோடு உடையாமல் நேராக இருந்தது. இறங்கி வந்தபின் மறுபடி பார்த்தேன். 500 கி.மீ. ஓடியபின் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்து நட்டையும், அல்லன் கீ வைத்து ஆறு போல்ட்டையும் சரிபார்த்தேன். இப்போது ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் அந்தக் கோட்டைப் பார்க்கிறேன்.